இயல் 4: ஆங்கிலத்தில் சுருங்கச் சொல்லல்

ஒரு சொல்லை எடுத்துவிட்டுப் படித்தாலும் வாக்கியத்தின் பொருளும் மரியாதையும் சட்ட வலுவும் குறையவில்லை என்றால், அது மிகைச்சொல். ஆங்கிலத்தில் எழுதிய கடிதம், மின்னஞ்சல், வேலை விண்ணப்பம், முறைப்பாடு எதைத் திருத்தும்போதும் ஒவ்வொரு சொல்லுக்கும் இந்தச் சோதனையை வைக்கலாம். சோதனையில் தோற்ற சொல்லை நீக்க வேண்டும். தேறிய சொல்லைத் தொடக் கூடாது. இந்த இயல் முதல் வேலையை விரிவாகவும், இரண்டாவதைத் தேவையான அளவிலும் விளக்குகிறது.

சிட்னியின் மேற்கே, கம்பர்லண்ட் நகரசபை எல்லைக்குள் உள்ள லிட்கம் போன்ற புறநகரில் இந்தத் திறனுக்குக் கூடுதல் தேவை உண்டு. கொரிய, சீன, தெற்காசியக் குடும்பங்கள் அங்கே அடுத்தடுத்த வீடுகளில் வாழ்கின்றன. வாடகை வீட்டு முகவர், அடுக்குமாடிக் குடியிருப்பை நிர்வகிக்கும் ஸ்ட்ராட்டா மேலாளர், கிளினிக் வரவேற்பாளர் ஆகியோரில் பலருக்கும் ஆங்கிலம் வீட்டு மொழி அல்ல. இரண்டாம் மொழியாக ஆங்கிலம் கற்ற ஒருவர் எழுதுவதை, அதே நிலையில் உள்ள இன்னொருவர் படிக்கிறார். ஆங்கிலமே தாய்மொழியான வாசகர் தாண்டிப் போய்விடக்கூடிய அலங்காரச் சொல்லில் இந்த வாசகர் நின்று தடுமாறுவார்.

ஆஸ்திரேலிய அரசும் தன் அலுவலர்களுக்கு இதையே வலியுறுத்துகிறது. 1966இல் முதன்முதலாக வெளிவந்து, 2020 முதல் இணையவழிப் பதிப்பாக இருக்கும் அரசின் நடைக் கையேடு, வாக்கியங்கள் சராசரியாக 15 சொற்களிலும் அதிகபட்சம் 25 சொற்களிலும் அமைய வேண்டும் என்கிறது. தனியார் துறையில் இந்த மாற்றம் அந்த இணையவழிப் பதிப்புக்கு வெகு முன்பே தொடங்கிவிட்டது. நியூ சவுத் வேல்ஸின் என்.ஆர்.எம்.ஏ. நிறுவனம் 1976இல் தன் வாகனக் காப்புறுதிப் பத்திரத்தை எளிய ஆங்கிலத்தில் மாற்றி எழுதியது. வழக்கறிஞர்கள் மட்டுமே படித்த ஓர் ஆவணத்தைக் காப்புறுதி எடுத்தவரே படிக்க முடிந்தது.

மிகை எங்கிருந்து வருகிறது

தமிழர் எழுதும் ஆங்கிலத்தில் மிகைச்சொல் சேர்வதற்கு முக்கியமாக மூன்று வழிகள் உண்டு. வழி தெரிந்தால் களைவது எளிது.

முதலாவது, கச்சேரி (அரசு அலுவலக) ஆங்கிலம். பிரித்தானிய ஆட்சிக்கால அலுவலகங்களில் மேலதிகாரிக்கு எழுதும் மனுவுக்கென ஒரு நடை இருந்தது. ‘ஐ பெக் டு ஸ்டேட்’, ‘கைண்ட்லி டு தி நீட்ஃபுல்’, ‘தி அண்டர்சைன்ட்’ போன்ற தொடர்கள் அந்த நடையின் எச்சம். பள்ளிக்கூடங்கள் அவற்றையே கடித மாதிரிகளாகக் கற்றுக்கொடுத்தன. அந்த நடையை ஏற்றுமதி செய்த நாடோ விரைவில் அதைக் கைவிட முனைந்தது. அலுவலக ஆங்கிலத்தைத் திருத்துவதற்காக லண்டன் கருவூலத்தின் வேண்டுகோளின்படி சர் எர்னஸ்ட் கவர்ஸ் எழுதிய ‘ப்ளெய்ன் வேர்ட்ஸ்’ 1948இல் வெளிவந்தது. இலங்கை சுதந்திரம் பெற்றதும் அதே ஆண்டில்தான். லண்டன் களையத் தொடங்கிய நடையை யாழ்ப்பாணத்திலும் சென்னையிலும் இருந்த அலுவலகங்கள் இன்னும் பல பத்தாண்டுகளுக்குக் காப்பாற்றி வைத்தன. சிட்னியில் அந்த நடையைப் படிப்பவருக்கு அதில் மரியாதை தெரியாது, பழைமைதான் தெரியும்.

இரண்டாவது, தமிழ் வாக்கிய ஒழுங்கு. தமிழில் காரணம் முன்னே வரும், வினை கடைசியில் வரும். வேண்டுகோளுக்கு முன் நலம் விசாரிப்பதும் பின்னணி சொல்வதும் பண்பாடு. இந்த ஒழுங்கு அப்படியே ஆங்கிலத்துக்குப் போகும்போது, வாசகர் நான்கு வரிகளைக் கடந்த பிறகுதான் என்ன கேட்கப்படுகிறது என்பதை அறிகிறார். ‘இன்றே’ என்பதன் ஏகாரம் ‘டுடே இட்செல்ஃப்’ ஆகிறது. ‘சின்னச் சின்ன’ என்ற அடுக்கு ‘ஸ்மால் ஸ்மால்’ ஆகிறது. இரண்டிலும் இரண்டாவது சொல் ஆங்கிலத்தில் எந்த வேலையும் செய்வதில்லை.

மூன்றாவது, பரீட்சைப் பழக்கம். விசாவுக்காக எழுதும் ஐ.இ.எல்.டி.எஸ். ஆங்கிலத் தேர்வின் எழுத்துப் பிரிவில் முதல் பகுதிக்குக் குறைந்தது 150 சொற்கள், இரண்டாம் பகுதிக்குக் குறைந்தது 250 சொற்கள் எழுத வேண்டும். குறைந்தபட்ச எல்லை இருக்கும் இடத்தில் இழுத்து எழுதும் கை பழகிவிடுகிறது. விசா கிடைத்து வேலை தேடத் தொடங்கியதும் எல்லை தலைகீழாகிறது. விண்ணப்பப் படிவங்கள் அதிகபட்சம் இத்தனை சொற்கள், இத்தனை பக்கங்கள் என்றுதான் கேட்கின்றன.

குற்றங்களின் பெயர்கள்

நூலுக்கு ஆகாத பத்துக் குற்றங்களையும் நூலுக்குரிய பத்து அழகுகளையும் பவணந்தி முனிவர் நன்னூலில் வகுத்திருக்கிறார். அழகுகளில் முதலாவது சுருங்கச் சொல்லல், இரண்டாவது விளங்க வைத்தல். ஆங்கிலப் பாடநூல்கள் பல தலைப்புகளில் பிரித்துச் சொல்லும் பிழைகளில் பெரும்பாலானவை நன்னூலின் குற்றப் பட்டியலுக்குள் அடங்குகின்றன. தமிழ் வாசகர் நினைவில் வைத்துக்கொள்ள எளிது என்பதால் கீழே அந்தப் பெயர்களே தலைப்புகளாகின்றன.

மிகைபடக் கூறல்

ஒரு சொல் போதுமான இடத்தில் மூன்று, நான்கு சொற்களை நிறுத்துவது இது. களைவதற்கு மிக எளிதான வகையும் இதுவே. இலக்கணம் யோசிக்காமல் ஒன்றை எடுத்து மற்றொன்றை வைத்துவிடலாம்.

‘டியூ டு தி ஃபேக்ட் தட்’ – ‘பிகாஸ்’
‘அட் திஸ் பாயிண்ட் இன் டைம்’ – ‘நவ்’
‘இன் தி இவென்ட் தட்’ – ‘இஃப்’
‘இன் ஆர்டர் டு’ – ‘டு’
‘ப்ரையர் டு’ – ‘பிஃபோர்’
‘வித் ரிகார்ட் டு’ – ‘அபௌட்’
‘ஏ லார்ஜ் நம்பர் ஆஃப்’ – ‘மெனி’
‘ஆன் ஏ டெய்லி பேசிஸ்’ – ‘டெய்லி’
‘இன் தி நியர் ஃப்யூச்சர்’ – ‘சூன்’

கடைசித் தொடருக்கு ‘சூன்’ என்பதைவிட ஒரு தேதியே சிறந்த மாற்று. இரண்டு சொல்லாக இருந்தாலும் ‘பை ஃப்ரைடே’ வாசகருக்கு வேலையைத் திட்டமிட உதவுகிறது.

கூறியது கூறல்

முதல் சொல்லுக்குள் இருக்கும் பொருளையே அடுத்த சொல்லும் சொல்வது இது. ‘ரிடர்ன் பேக்’ என்பதில் ‘பேக்’ தேவையில்லை. ‘ரிப்பீட் அகெய்ன்’ என்பதில் ‘அகெய்ன்’ தேவையில்லை. ‘டிஸ்கஸ் அபௌட்’ என்பதில் ‘அபௌட்’ மிகையும் பிழையும் ஆகும். ‘ஃப்யூச்சர் ப்ளான்ஸ்’, ‘பாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ்’, ‘ஃபைனல் அவுட்கம்’, ‘ஃப்ரீ கிஃப்ட்’ ஆகியவற்றில் முதல் சொல்லை எடுத்துவிடலாம். ‘ஈச் அண்ட் எவ்ரி’, ‘ஃபர்ஸ்ட் அண்ட் ஃபோர்மோஸ்ட்’ போன்ற இரட்டைகளில் ஒன்றை வைத்துக்கொண்டால் போதும்.

‘ரிவர்ட் பேக்’ தனியாகக் கவனிக்க வேண்டியது. ‘பேக்’ என்பதை நீக்கினாலும் சிக்கல் தீராது. பதில் எழுதுவது என்ற பொருளில் ‘ரிவர்ட்’ தெற்காசிய அலுவலகங்களில் பரவலாக வழங்குகிறது. ஆஸ்திரேலிய வாசகருக்கோ அது பழைய நிலைக்குத் திரும்புவதைக் குறிக்கும். ‘ரிப்ளை’ என்று எழுதுவதே சரி.

வெற்றெனத் தொடுத்தல்

பொருளில்லாத சொற்களைக் கோத்துக்கொண்டு போவது இது. இரண்டு இடங்களில் அடிக்கடி நிகழ்கிறது.

ஒன்று, வாக்கியத் தொடக்கம். ‘ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் டு இன்ஃபார்ம் யூ தட்’, ‘இட் இஸ் இம்போர்ட்டன்ட் டு நோட் தட்’, ‘ஐ வுட் லைக் டு டேக் திஸ் ஆப்பர்ச்சூனிட்டி டு’ ஆகியவற்றை அப்படியே வெட்டிவிட்டால், மிஞ்சுவதுதான் உண்மையான வாக்கியம். ‘தேர் ஆர்’ என்ற தொடக்கத்தையும் பெரும்பாலும் தவிர்க்கலாம். ‘தேர் ஆர் த்ரீ ரெசிடென்ட்ஸ் ஹூ யூஸ் தி ராம்ப்’ 8 சொற்கள். ‘த்ரீ ரெசிடென்ட்ஸ் யூஸ் தி ராம்ப்’ 5 சொற்கள். பொருள் ஒன்றே.

மற்றது, வினை இருக்க வேண்டிய இடம். ஒரு நல்ல வினையைப் பெயராக்கிவிட்டு, அதைத் தாங்க ‘மேக்’, ‘கண்டக்ட்’, ‘ப்ரொவைட்’, ‘கிவ்’ போன்ற வெற்று வினையை நிறுத்துவது அலுவலக நடையின் வழக்கம். தமிழ்ச் செய்திகளிலும் இதே பழக்கம் உண்டு. ‘விசாரித்தனர்’ என்று எழுத வேண்டியதை ‘விசாரணை மேற்கொண்டனர்’ என்று எழுதுகிறார்கள். ஆங்கிலத்தில் மாற்றம் இப்படி அமையும்.

‘மேக் ஏ டிசிஷன்’ – ‘டிசைட்’
‘கண்டக்ட் ஆன் இன்வெஸ்டிகேஷன்’ – ‘இன்வெஸ்டிகேட்’
‘ப்ரொவைட் அசிஸ்டன்ஸ் டு’ – ‘ஹெல்ப்’
‘கிவ் கன்சிடரேஷன் டு’ – ‘கன்சிடர்’

‘மேக்’, ‘கண்டக்ட்’ போன்ற சொற்களுக்குப் பின்னால் ‘-ஷன்’, ‘-மென்ட்’, ‘-அன்ஸ்’ என்று முடியும் பெயர் தென்பட்டால், அதற்குள் ஒரு வினை புதைந்திருக்கிறது என்று கொள்ளலாம்.

நின்று பயனின்மை

வாக்கியத்தில் நின்றும் பயன் தராத சொற்களை வைப்பது இது. வேலை விண்ணப்பங்களில் இந்தக் குற்றம் மிகுதி. ‘வெரி’, ‘ரியலி’, ‘ஹைலி மோட்டிவேட்டட்’, ‘பேஷனேட்’, ‘எக்ஸ்டென்சிவ்’ போன்ற அடைமொழிகள் எல்லார் விண்ணப்பத்திலும் இருப்பதால் ஒருவரையும் வேறுபடுத்திக் காட்டுவதில்லை. அவற்றை நீக்கிவிட்டு அந்த இடத்தில் ஒரு தகவலை வைக்க வேண்டும்.

முன்: ‘ஐ ஹேவ் எக்ஸ்டென்சிவ் அண்ட் வாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் இன் தி ஃபீல்ட் ஆஃப் ஏஜ்ட் கேர்.’ (12 சொற்கள்)
பின்: ‘ஐ ஹேவ் வொர்க்ட் இன் ஏஜ்ட் கேர் ஃபார் சிக்ஸ் இயர்ஸ்.’ (9 சொற்கள்)

மூன்று சொற்கள் குறைந்தன, ஒரு தகவல் கூடியது. தேர்வுக் குழுவினர் மதிப்பெண் போட முடிவது ‘சிக்ஸ் இயர்ஸ்’ என்பதற்குத்தான்.

மற்றொன்று விரித்தல்

கேட்க வந்ததை விட்டுவிட்டுப் பின்னணியை விரிப்பது இது. இங்கே தனிச்சொல்லை வெட்டுவதால் பயனில்லை. வரிசையை மாற்ற வேண்டும். முதல் வரியில் வேண்டுகோள் அல்லது முடிவு, அடுத்து அதற்குத் தேவையான காரணம், கடைசியாகத் தொடர்பு விவரம் என்ற ஒழுங்கு பெரும்பாலான அலுவலகக் கடிதங்களுக்குப் பொருந்தும். வேண்டுகோளை முதலில் எழுதிவிட்டால் பின்னணியில் பாதி தேவையற்றது என்பது தானே தெரிந்துவிடும்.

நியூ சவுத் வேல்ஸ் மருத்துவமனைகளில் நோயாளியின் பொறுப்பை ஒருவர் மற்றவரிடம் ஒப்படைக்கும்போது ‘ஐஸ்பார்’ என்ற வரிசை பின்பற்றப்படுகிறது. பேசுபவர் யார், இப்போதைய நிலை என்ன, பின்னணி என்ன, மதிப்பீடு என்ன, செய்ய வேண்டியது என்ன என்பது அதன் ஒழுங்கு. பின்னணி மூன்றாம் இடத்தில் இருப்பது கவனிக்கத்தக்கது. நிலைமையைக் கேட்டறிந்த பிறகே, எந்தப் பின்னணி முக்கியம் என்பது கேட்பவருக்குப் புரிகிறது.

வேலைத் தகுதிக் கேள்விகளுக்குப் பதில் எழுதும்போது ‘ஸ்டார்’ என்ற முறை பரிந்துரைக்கப்படுகிறது: சூழ்நிலை, பொறுப்பு, செய்த செயல், விளைவு. புதிதாக வந்தவர்கள் பலர் பழைய நிறுவனத்தின் அளவையும் பெருமையையும் விளக்குவதிலேயே பாதி இடத்தைச் செலவிடுகிறார்கள். சூழ்நிலைக்கும் பொறுப்புக்கும் சேர்த்து இரண்டு மூன்று வாக்கியங்கள் போதும். மிச்ச இடம் செயலுக்கும் விளைவுக்கும் உரியது.

மயங்க வைத்தல்

பொருள் தெளிவாகாமல் வாசகரைக் குழப்புவது இது. செய்தவர் யார் என்பதைச் செயப்பாட்டு வினை மறைக்கக்கூடும். அடுக்குமாடிக் கூட்டக் குறிப்பில் ‘இட் வாஸ் டிசைடட் தட் தி லெவி வுட் பி இன்க்ரீஸ்ட்’ என்று எழுதினால், தீர்மானித்தவர் யார் என்ற கேள்வி எழும். ‘தி ஓனர்ஸ் வோட்டட் டு இன்க்ரீஸ் தி லெவி’ என்பது இரண்டு சொல் குறைவு, பதிலும் உள்ளே இருக்கிறது. செய்தவர் தெரியாதபோதும், செய்தவர் முக்கியமில்லாதபோதும் செயப்பாட்டு வினை பொருத்தமானதே. கடிதப் பெட்டியை உடைத்தவர் யாரென்று தெரியாதவர் ‘மை லெட்டர்பாக்ஸ் வாஸ் ப்ரோக்கன் ஆன் சண்டே’ என்றே எழுத வேண்டும்.

ஒரு வாக்கியம், மூன்று வெட்டு

நூலகத்தின் முன் நடைபாதை வெடித்திருப்பதை நகரசபைக்குத் தெரிவிக்கும் வாக்கியம் ஒன்றைப் படிப்படியாகத் திருத்தலாம்.

முதல் வரைவு (41 சொற்கள்): ‘இட் ஹேஸ் கம் டு மை அட்டென்ஷன் தட் தேர் இஸ் ஏ லார்ஜ் க்ராக் இன் தி ஃபுட்பாத் விச் இஸ் லொக்கேட்டட் இன் ஃப்ரண்ட் ஆஃப் தி லைப்ரரி, அண்ட் இட் இஸ் மை பிலீஃப் தட் இட் மே பாசிப்ளி பி டேஞ்சரஸ் டு எல்டர்லி பீப்பிள் ஹூ ஆர் வாக்கிங் தேர்.’

முதல் வெட்டு, வெற்றுத் தொடக்கங்கள். ‘இட் ஹேஸ் கம் டு மை அட்டென்ஷன் தட்’, ‘இட் இஸ் மை பிலீஃப் தட்’ இரண்டும் போகின்றன. எழுதுபவர் கவனித்திருக்கிறார், நம்புகிறார் என்பது எழுதியதிலிருந்தே விளங்கும். 29 சொற்கள் மிஞ்சுகின்றன.

இரண்டாம் வெட்டு, கூறியது கூறல். ‘மே’ இருக்கும்போது ‘பாசிப்ளி’ வேண்டாம். ‘விச் இஸ் லொக்கேட்டட்’ வேண்டாம். நடைபாதையில் மக்கள் நடப்பார்கள் என்பது சொல்லாமலே விளங்குவதால் ‘ஹூ ஆர் வாக்கிங் தேர்’ வேண்டாம். 21 சொற்கள் மிஞ்சுகின்றன.

மூன்றாம் வெட்டு, வினையை வெளிக்கொணர்தல். ‘இன் ஃப்ரண்ட் ஆஃப்’ என்பது ‘அவுட்சைட்’ ஆகிறது. வெடிப்பை எழுவாயாக்கினால் ‘தேர் இஸ்’ போய்விடுகிறது. ‘டேஞ்சரஸ்’ என்ற பொதுவான சொல்லுக்குப் பதிலாக என்ன ஆபத்து என்பதைச் சொல்லும் வினை வருகிறது.

இறுதி வடிவம் (13 சொற்கள்): ‘தி லார்ஜ் க்ராக் இன் தி ஃபுட்பாத் அவுட்சைட் தி லைப்ரரி குட் ட்ரிப் எல்டர்லி பீப்பிள்.’

41 சொற்களில் இல்லாத ஒரு செய்தி 13 சொற்களில் இருக்கிறது. ஆபத்து என்பது தடுக்கி விழும் ஆபத்து என்பதே அது.

ஒரு முழுக் கடிதம்

லிட்கத்தில் வாடகை வீட்டில் இருக்கும் ஒருவர் வெந்நீர் வராததை முகவருக்குத் தெரிவிக்கும் கடிதம், பழைய நடையில் இப்படி இருக்கும்.

‘ரெஸ்பெக்டட் சார், ஐ ஆம் ரைட்டிங் திஸ் லெட்டர் டு பிரிங் டு யுவர் கைண்ட் நோட்டிஸ் தட் ஐ ஆம் தி டெனன்ட் ஹூ இஸ் ரிசைடிங் அட் தி அபவ் மென்ஷன்ட் அட்ரஸ் இன் லிட்கம் அலாங் வித் மை ஃபேமிலி மெம்பர்ஸ். டியூ டு தி ஃபேக்ட் தட் தி ஹாட் வாட்டர் சிஸ்டம் இஸ் நாட் இன் ஏ வொர்க்கிங் கண்டிஷன் சின்ஸ் லாஸ்ட் மண்டே இட்செல்ஃப், வி ஆர் ஃபேசிங் ஏ லாட் ஆஃப் டிஃபிகல்ட்டீஸ் ஆன் ஏ டெய்லி பேசிஸ். தேர்ஃபோர் ஐ ஹம்ப்ளி ரிக்வெஸ்ட் யூ டு கைண்ட்லி மேக் அரேஞ்ச்மென்ட்ஸ் ஃபார் தி சேம் டு பி ரிப்பேர்ட் அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ். கைண்ட்லி டு தி நீட்ஃபுல் அண்ட் ஒப்ளைஜ்.’

விளியை விட்டுவிட்டு எண்ணினால் 86 சொற்கள். இவ்வளவு சொல்லியும் எந்தத் தேதியில் நின்றது, எப்போதைக்குள் திருத்த வேண்டும், அவசரம் ஏன் என்ற மூன்றும் அதில் இல்லை. ‘அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்’ என்பது முகவரின் வசதிக்கு விட்டுவிடுவதால் எழுதியவரின் நோக்கத்துக்கே எதிராக வேலை செய்கிறது. திருத்திய மின்னஞ்சல் இது.

பொருள் வரி: ‘அர்ஜண்ட் ரிப்பேர்: நோ ஹாட் வாட்டர், யூனிட் 7’

உள்ளடக்கம்: ‘அவர் ஹாட் வாட்டர் ஸ்டாப்ட் ஆன் மண்டே 2 ஜூன். ப்ளீஸ் சென்ட் ஏ ப்ளம்பர் பை டுமாரோ அண்ட் டெக்ஸ்ட் மீ தி டைம். வி ஹேவ் ஏ பேபி அட் ஹோம். தேங்க் யூ.’

உள்ளடக்கம் 27 சொற்கள், பழையதில் மூன்றில் ஒரு பங்குக்கும் குறைவு. தேதி, கெடு, காரணம் மூன்றும் வந்துவிட்டன. ஒரு ‘ப்ளீஸ்’, ஒரு ‘தேங்க் யூ’ மரியாதைக்குப் போதும். வீட்டு எண் பொருள் வரியிலேயே இருப்பதால் முகவர் மின்னஞ்சலைத் திறக்காமலே எந்த வீடு என்று அறிவார்.

பொருள் வரியில் உள்ள ‘அர்ஜண்ட் ரிப்பேர்’ வெறும் அவசரக் குரலாக இடப்பட்டதல்ல. நியூ சவுத் வேல்ஸின் 2010ஆம் ஆண்டு வாடகைக் குடியிருப்புச் சட்டத்தில் அது வரையறுக்கப்பட்ட தொடர். வெந்நீர் வசதி பழுதாவது அந்த வரையறைக்குள் வருகிறது. முகவரோ வீட்டு உரிமையாளரோ உரிய காலத்தில் கவனிக்காவிட்டால், சட்டம் விதிக்கும் நிபந்தனைகளுக்கு உட்பட்டு, வாடகைதாரரே திருத்தி 1,000 டாலர் வரை திரும்பப் பெற வழி உண்டு. சொற்களைக் குறைக்கும் ஆர்வத்தில் இந்த இரண்டு சொற்களையும் வெட்டினால் கடிதத்தின் வலுவே போய்விடும்.

குன்றக் கூறல்

நன்னூலின் குற்றப் பட்டியலில் மிகைபடக் கூறலுக்கும் முன்னால் நிற்பது குன்றக் கூறல். தேவையானதையும் வெட்டிவிடுவது அது. கீழே உள்ளவற்றைத் தொடக் கூடாது.

சிறு சொற்கள்: ஆங்கிலத்தின் ‘ஏ’, ‘ஆன்’, ‘தி’ ஆகியவற்றுக்கு நேரான சொற்களைத் தமிழ் ஒவ்வொரு பெயருக்கும் முன்னால் வைப்பதில்லை. அதனால் தமிழருக்கு அவை மிகையாகத் தோன்றும். ‘ப்ளீஸ் சென்ட் ப்ளம்பர்’ என்பது சுருக்கம் ஆகாது, தந்தி நடை ஆகும்.

இணைப்புச் சொற்கள்: ‘பட்’, ‘பிகாஸ்’, ‘ஸோ’, ‘அன்லெஸ்’ போன்றவை வாக்கியங்களுக்கு இடையே உள்ள உறவைக் காட்டுகின்றன. இவற்றை நீக்கினால் அந்த உறவை வாசகரே ஊகிக்க நேரும்.

தகவல்கள்: பெயர், தேதி, தொகை, கோப்பு எண், கெடு.

உண்மையான ஐயச் சொற்கள்: நோயாளி பற்றிய குறிப்பில் ‘அப்பியர்ஸ்’, ‘மே’ போன்றவை உறுதியின் அளவைச் சொல்கின்றன. தெரியாததைத் தெரிந்ததுபோல் ஆக்கும் வெட்டு ஆபத்தானது.

சட்டத் தொடர்கள்: ஒப்பந்தத்திலோ சட்டத்திலோ வரையறுக்கப்பட்ட சொல்லை, நீளமாக இருந்தாலும், அப்படியே எழுத வேண்டும்.

ஆறுதலும் நன்றியும்: துக்கம் விசாரிக்கும் கடிதத்திலும் மனமார்ந்த நன்றிக் கடிதத்திலும் வாசகரின் நேரத்தை மிச்சப்படுத்துவது நோக்கம் அல்ல. அங்கே கூடுதலான ஒரு வரிக்கு இடம் உண்டு.

வாசகருக்குப் புரியும் சொல்: ‘ப்ரிபோன்’ ஒரே சொல்தான். இந்தியாவில் எல்லாருக்கும் புரியும். ஆஸ்திரேலியாவில் பலருக்குப் புரியாது. ‘பிரிங் ஃபார்வர்ட்’ என்ற இரண்டு சொற்களே அங்கே சரியான தேர்வு. சுருக்கமும் தெளிவும் மோதினால் தெளிவே வெல்ல வேண்டும்.

திருத்தும் வரிசை

எழுதும்போதே வெட்டத் தொடங்கினால் எழுத்து நகராது. முதல் வரைவைத் தடையின்றி எழுதி முடித்து, முடிந்தால் சிறிது நேரம் விட்டு, பின்வரும் வரிசையில் திருத்தலாம்.

1. வேண்டுகோள் அல்லது முடிவு எந்த வரியில் இருக்கிறது என்று தேடி, அதை முதல் வரிக்குக் கொண்டுவர வேண்டும்.

2. அந்த வேண்டுகோளுக்கு உதவாத வாக்கியங்களை முழுமையாக நீக்க வேண்டும். பெரிய வெட்டு முதலில், சிறிய வெட்டு பின்னால். போகப்போகும் வாக்கியத்தைச் செதுக்குவது வீண் உழைப்பு.

3. ஒவ்வொரு வாக்கியத்தின் தொடக்கத்தையும் பார்த்து வெற்றுத் தொடக்கங்களை வெட்ட வேண்டும்.

4. நீண்ட தொடர்களையும் இரட்டிப்புகளையும் மாற்ற வேண்டும்.

5. பெயருக்குள் புதைந்த வினைகளை வெளியே எடுக்க வேண்டும்.

6. 25 சொற்களைத் தாண்டும் வாக்கியங்களை இரண்டாக்க வேண்டும். சொற்களின் எண்ணிக்கையைக் கணினியே காட்டும்.

7. வாய்விட்டுப் படிக்க வேண்டும். மூச்சு முட்டும் இடத்தில் இன்னும் மிகை இருக்கிறது. வெடுக்கென்று ஒலிக்கும் இடத்தில் வெட்டு எல்லை மீறியிருக்கிறது.

பயிற்சி

கீழுள்ள வாக்கியங்களைச் சுருக்கி எழுதிய பின் விடைகளுடன் ஒப்பிட்டுப் பார்க்கலாம். ஒன்றுக்கு மேற்பட்ட சரியான விடைகள் இருக்கலாம்.

1. ‘ப்ளீஸ் ரிவர்ட் பேக் டு மீ அட் யுவர் எர்லியஸ்ட் கன்வீனியன்ஸ்.’ (9 சொற்கள்)

2. ‘தேர் ஆர் மெனி பேரண்ட்ஸ் ஹூ ஆர் நாட் அவேர் ஆஃப் தி ஃபேக்ட் தட் தி கிளாஸ் ஹேஸ் பீன் கேன்சல்ட்.’ (17)

3. ‘தி கமிட்டி ஹேஸ் டேக்கன் ஏ டிசிஷன் டு கண்டக்ட் ஏ ரிவ்யூ ஆஃப் தி ஃபீஸ்.’ (13)

4. ‘ஐ ஆம் ஹேவிங் ஏ டோட்டல் ஆஃப் ஃபைவ் இயர்ஸ் ஆஃப் பாஸ்ட் எக்ஸ்பீரியன்ஸ் அஸ் ஆன் அக்கவுண்டன்ட்.’ (14)

5. ‘டியூ டு தி ஃபேக்ட் தட் இட் வாஸ் ரெயினிங், தி மேட்ச் வாஸ் போஸ்ட்போன்ட் டு ஏ லேட்டர் டேட் பை தி ஆர்கனைசர்ஸ்.’ (19)

6. ‘நீட் ப்ளம்பர். கால்.’ (3)

விடைகள்

1. ‘ப்ளீஸ் ரிப்ளை பை ஃப்ரைடே.’ (4)

2. ‘மெனி பேரண்ட்ஸ் டு நாட் நோ தி கிளாஸ் இஸ் கேன்சல்ட்.’ (9)

3. ‘தி கமிட்டி வில் ரிவ்யூ தி ஃபீஸ்.’ (6)

4. ‘ஐ ஹேவ் வொர்க்ட் அஸ் ஆன் அக்கவுண்டன்ட் ஃபார் ஃபைவ் இயர்ஸ்.’ (9) சொற்கள் குறைந்ததோடு ‘ஐ ஆம் ஹேவிங்’ என்ற பிழையும் நீங்கியது.

5. ‘தி ஆர்கனைசர்ஸ் போஸ்ட்போன்ட் தி மேட்ச் பிகாஸ் ஆஃப் ரெயின்.’ (8) ஒத்திவைப்பு என்றாலே பின்னொரு தேதிக்குத்தான் என்பதால் ‘டு ஏ லேட்டர் டேட்’ கூறியது கூறல்.

6. இது குன்றக் கூறல். எந்த வீடு, என்ன பழுது, எப்போது, யாரை அழைப்பது என்ற தகவல்கள் இல்லை. மேலே உள்ள மாதிரி மின்னஞ்சலைப் போலச் சொற்களைக் கூட்டி எழுதுவதே இதற்குச் சரியான விடை.